குடலிறக்கத்துக்கு உண்டுங்களா

மிளகுப் பறிப்பின்போது எங்கள் பக்கம் ஏணி ஏறுகிறவர்களுக்குத்தான் கூலி அதிகம். அதனால் உடம்புக்கு என்ன வந்தாலும் முதலாளியிடம் வாய் திறக்கமாட்டார்கள். என் கணவர் ஐயாக்கண்ணுவும் திறக்கவில்லை. குடலிறக்கத்தைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களில் ஏறினார். குடல் முறுக்கிக்கொண்ட அன்று சேலத்து ஆஸ்பத்திரியில், முதலாளி எடுத்துக்கொடுத்த இன்சூரன்ஸ் கார்டை நீட்டினேன். இந்த நோய்க்குக் கார்டு எடுத்து இரண்டு வருடம் கழித்துத்தான் செல்லும் என்றார்கள். அதுவரை அதை யாரும் எங்களிடம் சொன்னதில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் போய்விட்டார்.

மறு வருடம் அவர் தம்பி சத்யராஜும் அதேபோலத் துண்டு கட்டுவதைப் பார்த்துவிட்டேன்.

"அண்ணி, யாருகிட்டயும் சொல்லீராதீங்க. பறிப்பு முடியட்டும், ஆபரேசன் பண்ணிக்கிறேன். புதுக் கார்டு வருதுல்லங்க. என் மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன்.

எங்கள் முதலாளி பெரியநாயகம் வாழவந்தியில் சின்னத் தோட்டம் வைத்திருந்தார். பழைய இன்சூரன்ஸ் கம்பெனியை விட்டுவிட்டு ஜாபெஸ் என்ற ஏஜெண்டை வரவழைத்தார். களத்தில் எல்லோரையும் உட்காரவைத்து ஜாபெஸ் பேசினார்.

"காய்ச்சல் வந்தாலும் கார்டு, பாம்பு கடிச்சாலும் கார்டு. மாமியா திட்டுனா மட்டும் செல்லாதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

"ஏனுங்க, குடலிறக்கத்துக்கு உண்டுங்களா?" என்றேன்.

"எல்லாம் பாலிசிக்குள்ளயே இருக்குதுங்க்கா."

"இருக்கட்டுங்க. வாயத் தொறந்து சொல்லுங்க. சொல்லித்தான விக்கோணும்?"

முதலாளி திரும்பினார். "ஏம்மா கௌரி, யாருக்குக் குடலிறக்கம்?"

ஏணியைப் பிடித்தபடி நின்ற சத்யராஜ் என்னையே பார்த்தான்.

"செத்துப்போனவருக்குங்க."

வயிற்றுவலி என்றுதான் முதலாளியிடம் அப்போது சொல்லியிருந்தோம். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லு தம்பி. உண்டா, இல்லையா?"

ஜாபெஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருசம் பொறுக்கோணுங்க. அந்த நிபந்தனையை எடுத்துரலாம், பிரீமியம் கூடும். கூடுனா வேண்டாம்பீங்கன்னு..."

"அதான் சொல்லாம உட்டுட்டயா?" முதலாளி எங்களைப் பார்த்தார். "ஆனா ஒருத்தனுக்கும் இல்லாத நோய்க்கு நான் எதுக்குக் கூடக் கட்டோணும்?"

அவர் மறுபடி பேனாவை எடுத்தார். சத்யராஜின் பெயர் எனக்கு வாய்வரை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்கு இருக்குதுங்க" என்றான் சத்யராஜ்.

முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். "இத வெச்சுக்கிட்டா நேத்து வரைக்கும் ஏறுன? உங்கண்ணன் செத்தும் புத்தி வரல." பிறகு ஜாபெஸிடம், "நிபந்தனைய எடுத்துட்டு எழுது. இவனுக்கு இருக்குதுன்னும் எழுது. பொறவு மறைச்சுட்டீங்கன்னு உன் கம்பெனி சொல்லக் கூடாது" என்றார். "டேய், நீ இனி ஏணியத் தொடாத."

அன்றிலிருந்து சத்யராஜ் குறைந்த கூலிக்குப் பெண்களோடு உட்கார்ந்து மிளகு உதிர்த்தான். எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். புதுக் கார்டோடு ஆபரேசனுக்குப் போகிற அன்றும் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நானாகவே பஸ் ஏறி, அவனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.