ஒழுங்கை முனை வரைக்கும்

இஹ்ஸானின் மகன் அஸ்ஹானுக்கு இரண்டு வயது. அந்த வீட்டில் எப்போது விடிய வேண்டும் என்று தீர்மானிப்பவன் அவன்தான். சுபஹு பாங்குக்கு இன்னும் நிறைய நேரம் கிடக்கவே எழும்பிவிடுவான். எழும்பினால் சும்மா கிடக்கிற பிள்ளையும் இல்லை; உம்மாவின் கண்ணிமையை விரலால் பிரித்து உள்ளே ஆள் இருக்கிறாளா என்று பார்ப்பான். சப்ரினா எழும்பாவிட்டால் அழுகை. எழும்பினாலும் அழுகை. நித்திரை போதாத பிள்ளையின் அழுகை அது, எதைக் கொடுத்தாலும் அடங்காது.

இஹ்ஸானுக்கு இதன் காரணம் தெரியும் என்று நினைப்பு. பக்கத்து வீட்டு அலியார் காக்காவின் மோட்டார் சைக்கிள். அலியார் மீன் வியாபாரி. இருட்டோடு எழும்பி, பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், தோணிகள் வந்ததும் மீன் எடுத்து, கன்னியாப் பக்கம் கொண்டுபோய் விற்கிறவர். சைக்கிளின் சைலன்சர் ஓட்டையாகிப் பல காலம். அவர் உதைத்து ஸ்டார்ட் பண்ணினால் துறைமுகத்தில் நிற்கிற கப்பலுக்கும் கேட்கும் என்று ஒழுங்கையில் பகிடி சொல்வார்கள்.

இஹ்ஸானும் சேர்ந்து சிரித்த பகிடிதான் அது. மகன் விடியுமுன் எழும்பத் தொடங்கிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பின்னேரம் போய்க் கதவைத் தட்டி, இதைக் கொஞ்சம் பாருங்கள் காக்கா என்று சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். இஹ்ஸான் பெரிய மனிதர் அல்லவா, அப்படிச் செய்வாரா? நித்திரை கெட்ட மூளையோடு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த அலியாரை நாலு பேர் பார்க்கப் பிடித்துக்கொண்டான்.

"காக்கா, உங்கட சைக்கிள் சத்தத்தில என்ட பிள்ளைக்கு நித்திரையே இல்ல. நாங்க இந்த ஒழுங்கையில குடியிருக்கிறதா இல்லையா?"

அலியார் திகைத்துப்போனார். "எனக்குத் தெரியாதே தம்பி. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா..."

அங்கே நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்? பிள்ளை வளத்தவங்களுக்குத்தான் அது விளங்கும்."

அலியாருக்கும் அவர் மனைவி ரபீக்காவுக்கும் பிள்ளை இல்லை. ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்த, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது. சுற்றி நின்றவர்கள் திடீரென்று தங்கள் செருப்புகளில் கவனமானார்கள். அலியார் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இஹ்ஸானுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. பிள்ளைக்காகத்தானே பேசினோம் என்று அதை அப்போதைக்கு அமுக்கிவைத்தான்.

மறுநாள் விடியற்காலை சைக்கிள் சத்தம் வரவில்லை. அஸ்ஹான் மட்டும் வழக்கம்போல் இருட்டில் எழும்பி அழுதான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நடந்த சப்ரினா கணவனைக் கூப்பிட்டாள். "இஞ்ச வந்து பாருங்க."

அலியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். துறைமுகப் பக்கமிருந்து பெரிய றோட்டுக்கு ஏறிப்போகிற ஒழுங்கை அது. பாதிக்கு மேல் மணல். ஐஸ் பெட்டியோடு வண்டியைச் சாய்த்துப் பிடித்து, நின்று நின்று மூச்சு வாங்கி, முனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உதைத்தார்.

"இவன் எழும்பி எவ்வளவு நேரம். அவர் இப்பதான் போறார்," என்றாள் சப்ரினா.

"பழகின பழக்கம். சத்தம் இல்லாட்டி போகப்போகச் சரியாயிரும்," என்றான் இஹ்ஸான்.

சரியாகவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: பிந்திப் படுக்க வையுங்கள், பிந்தி எழும்புவான். இஹ்ஸானுக்கு இந்த வைத்தியம் நன்றாகவே பிடித்துப்போனது. அவன் வேலை செய்வது நகரத்தில் போன் திருத்தும் கடையொன்றில். கடை பூட்டி வீட்டுக்கு வர ஒழுங்கை அடங்கிவிடும். கேற்றுச் சத்தம் கேட்டதும் வாப்பா என்று ஓடிவருகிற பிள்ளையை நினைத்துத்தான் அவன் நாள் முழுக்க அடுத்தவரின் உடைந்த போன்களோடு மல்லுக்கட்டுவது. பிள்ளை விழித்திருக்க வேண்டும் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. படுத்துவிட்டானென்றால் முகம் தொங்கிவிடும், அவ்வளவுதான். சப்ரினாவுக்கு அந்த முகமே போதும்.

இதில் இன்னொன்றும் இருந்தது. அஸ்ஹான் கண்ணைக் கசக்கத் தொடங்குவது பொழுது சாய்ந்து மஹ்ரிபு பாங்கு சொல்கிற நேரத்தில். மஹ்ரிபு நேரம் பிள்ளையை உறங்க விடக்கூடாது என்பது அவர்கள் வளர்ந்த முறை. சப்ரினா அவன் முகத்தைக் கழுவி, லைட்டைப் போட்டு, விளையாட்டுக் காட்டி விழிக்க வைப்பாள். அந்தக் கட்டம் தாண்டினால் பிள்ளைக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்துவிடும். கதிரையில் ஏறுவான், அலுமாரியை இழுப்பான். வாப்பா வந்து முதுகில் சுமந்து திரிந்து, அவன் கடைசியில் விழுந்து படுக்கும்போது கண் இரண்டும் சிவந்திருக்கும். இப்போது வைத்தியம் என்று அந்தப் படுக்கை நேரத்தையும் இன்னும் பிற்போட்டார்கள். அவன் இன்னும் முந்தி எழும்பினான்.

பிள்ளையை நிறை பார்க்கக் கிளினிக்குக் கொண்டுபோன அன்று, மருத்துவிச்சி றஜிதா மிஸ்ஸிடம் சப்ரினா அழாக்குறையாகச் சொன்னாள்.

"எப்ப படுக்க வைக்கிறனீங்கள்?" என்று மிஸ் கேட்டார். பதிலைக் கேட்டதும் தலையில் கை வைத்துச் சிரித்தார். "அளவுக்கு மிஞ்சிக் களைச்ச பிள்ளை ஒழுங்கா நித்திரை கொள்ளாது. அரைகுறையாக் கிடந்திட்டு நேரத்தோட எழும்பும். முந்திப் படுக்க வையுங்கோ."

"மஹ்ரிபு நேரத்தில எப்பிடி மிஸ்?"

"எங்கட வீட்டிலயும் விளக்கு வைக்கிற நேரம் படுக்க விடமாட்டினம். நீங்கள் தொழுது முடியச் சோத்தத் தீத்தி வயித்த நிரப்பிப்போட்டு, இஷா பாங்குக்கு முதல் படுத்தி விடுங்கோ. ஒரேயடியா வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா முன்னுக்குக் கொண்டு வாங்கோ."

சப்ரினா இதை வந்து சொன்னபோது இஹ்ஸான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிறகு, "அப்ப நான் பிள்ளையப் பாக்கிறது எப்ப?" என்றான். கேட்ட பிறகு அவனுக்கே வெட்கமாகப் போனது. அவளுடைய கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருமையை அவன் சரியாகப் பார்த்ததே அப்போதுதான்.

கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் பிள்ளை முரண்டு பிடித்தான். சப்ரினா லைட்டை அணைத்து, சலவாத்துச் சொல்லித் தட்டிக்கொண்டே கிடந்தாள். பிறகு அவனே தலையணையைத் தேடத் தொடங்கினான். இஹ்ஸான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வரப் பழகினான். வாப்பா என்ற சத்தம் இல்லாத வீடு என்னவோ போல இருந்தது. ஆனால் ஒரு காலை அவன் கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் நன்றாக ஏறியிருந்தது. பிள்ளை வாயைத் திறந்தபடி உறங்கினான். பக்கத்தில் சப்ரினாவும் அப்படியே உறங்கினாள்.

அடுத்த நாள் சுபஹுத் தொழுகைக்குப் போக இஹ்ஸான் சந்தோசமாகத்தான் கேற்றைத் திறந்தான். அலியார் வந்துகொண்டிருந்தார். ஏற்றத்தில் வண்டி பின்னுக்கு வழுக்க, காலை ஊன்றி இடுப்பைக் கொடுத்து நிறுத்தினார். இஹ்ஸானின் வீட்டைக் கடக்கும்போது, பெட்டி மூடி ஆடிச் சத்தம் போடாதிருக்க ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இஹ்ஸான் சட்டென்று மதிலுக்குப் பின்னால் ஒதுங்கினான். முகம் சுட்டது. பிள்ளையை எழுப்பியது அந்தச் சைக்கிள் இல்லை. நாள் முடிவில் தன்னைக் கண்டு ஓடிவர ஒரு பிள்ளை வேண்டும் என்ற தன் ஆசைதான் எழுப்பியது. அதற்கு இந்த மனிதர் நாள்தோறும் விடியுமுன் மணலில் வண்டி தள்ளுகிறார். பள்ளிவாசலில் சொன்ன சொல் இப்போது முழுதாகத் திரும்பி வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பின்பக்க ஒழுங்கையால் பள்ளிவாசலுக்குச் சுற்றிப் போனான். தொழுகையில் அலியார் முன் வரிசையில் நின்றால் இவன் கடைசி வரிசையில் நின்றான். பிள்ளை நன்றாக உறங்க, வாப்பா புரண்டு கிடந்தான்.

சப்ரினாதான் விடவில்லை. "ரபீக்கா ராத்தா இப்ப வேலிப் பக்கமே வாறா இல்ல. முந்திப் பின்னேரம் எண்டா பிள்ளையக் கூப்பிட்டு வெச்சிருப்பா. இப்ப இவன் வேலியப் பிடிச்சுக்கொண்டு மாமி, மாமி எண்டு நிக்கிறான், அவ உள்ளுக்கே இரிக்கிறா."

"சைக்கிள இஞ்சயே ஸ்டார்ட் பண்ணச் சொல்லி நான் காக்காவுக்குச் சொல்றன்."

"சைக்கிளச் சொல்லுங்க. நீங்க சொன்ன கதைக்கு என்ன செய்யப் போறீங்க?"

வெள்ளிக்கிழமை கடை இல்லை. இஷாத் தொழுத கையோடு இஹ்ஸான் அலியாரின் கதவைத் தட்டினான். வழியில் ஒரு பொய்யைத் தயார் பண்ணியிருந்தான்: பிள்ளை இப்போது சத்தத்துக்குப் பழகிவிட்டான், இனி உருட்ட வேண்டாம். யாருக்கும் நோகாத நல்ல பொய். உள்ளே டிவி நாடகம் உரத்து ஓடியது. அலியார் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துத் தைலம் பூசிக்கொண்டிருந்தார். வீடெல்லாம் அந்த மணம்.

"வா தம்பி, கதிரையில இரி," என்றார்.

இஹ்ஸான் இருக்கவில்லை. அந்த முழங்காலைப் பார்த்த பிறகு பொய் வரவில்லை. "காக்கா, பிள்ளை உங்கட சத்தத்தில எழும்பயில்ல. நான்தான் அவன உறங்க விடாம வெச்சிருந்தனான், நான் வாற மட்டும் முழிச்சிருக்கட்டும் எண்டு. இப்ப நேரத்தோட படுக்க வைக்கிறம், விடியும் மட்டும் உறங்குறான். எனக்கு இது முந்தியே தெரியும். தெரிஞ்சும் நீங்க உருட்டுறதப் பாத்துக்கொண்டு இருந்தனான். அண்டைக்குச் சொன்ன சொல்லுக்கு மாப்புத் தாங்க. வாற ஜும்ஆவுக்கு அதே இடத்தில வெச்சுச் சொல்றன்."

"வேணா தம்பி," என்றார் அலியார் அவசரமாக. "அந்தக் கதைய அங்க திரும்ப எடுக்க வேணா."

இஹ்ஸான் தலை குனிந்தான். திருப்பி எடுக்கக்கூட முடியாத இடத்தில் அந்தச் சொல்லை வைத்துவிட்டு வந்திருந்தான்.

குசினி வாசலில் ரபீக்கா நின்றாள். "அப்ப எங்களால இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல ராத்தா. என்னாலதான்."

அவள் முக்காட்டுத் தொங்கலால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப பிள்ளை எத்தின மணிக்குப் படுக்கிறான்?"

"இஷாவுக்கு முதல்."

"அப்ப இப்ப உறக்கமா?" என்று கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை. ஓடிப்போய் டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்தாள். பிறகு கணவனிடம் திரும்பினாள். "நீங்களும் இனி இந்த நேரத்தில மீன் பெட்டியக் கழுவ வேணா. மஹ்ரிபுக்கு முதல் கழுவி வெச்சிருங்க. வாளிச் சத்தத்துக்குப் பிள்ளை எழும்பிரும்."

"ஓம், அது சரிதான்," என்றார் அலியார்.

இஹ்ஸானுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, வேணா ராத்தா, நீங்க ஒண்டும்..." என்று தொடங்கினான்.

ரபீக்கா அவன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"மெல்லக் கதைங்க தம்பி," என்றாள்.