மங்கேனியின் மீன்கூடை

அப்பாவின் சவப்பெட்டியருகே நின்று ஈ விரட்டிக்கொண்டிருந்த அஜியாம்போவுக்கு அழுகையைவிட ஆராய்ச்சிதான் அதிகமாக இருந்தது. மாமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இந்த இரண்டு பேர் யார்? ஒருவர் கென்யாக்காரர், இன்னொருவர் பேச்சிலேயே உகாண்டா. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்தபடி இருந்தார்கள்.

அப்பா மங்கேனிக்காக அழ ஊரில் வேறு ஆளில்லை. கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் நடுவிலுள்ள புசியா எல்லையைத் தாண்டி சைக்கிளில் மீன் கொண்டுபோனவர், கூடைக்கடியில் என்னத்தையோ கடத்தினார் என்பது ஊரறிந்த பேச்சு. பெரியப்பா பராசா கறாராகச் சொல்லிவிட்டார்: கடத்தல்காரன் என்றால் வீட்டு வேலிக்கு வெளியேதான் அடக்கம். இல்லை என்று மகள் எல்லார் முன்னாலும் சொன்னால், உள்ளே அவள் அம்மாவின் சமாதிக்குப் பக்கத்தில்.

அவள் அந்த இருவரையும் சமையல்கட்டுக்குப் பின்னால் மடக்கினாள்.

"எங்கப்பா கூடையில என்னதான் கொண்டுபோனாரு?"

கென்யாக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாங்கள் இரு நாட்டுப் போலீஸ் என்றார். கார் திருடி எல்லை தாண்டி விற்கும் கும்பலுக்கு இரண்டு பக்க ஸ்டேஷனிலும் ஆள் உண்டாம். போனில் பேசினால் அடுத்த நிமிஷம் அவர்களுக்குப் போய்விடும். அதனால் திருட்டுக் கார்களின் எண்கள் பதினோரு வருஷமாக மீனுக்கடியில்தான் போய்வந்தன.

பெற்ற மகளிடம்கூட மூச்சு விடாமல், என்ன மனுஷன் இவர்! அவளுக்குப் பெருமையும் கோபமும் ஒன்றாகப் பொங்கின.

"அவங்கதான் கொன்னாங்களா?"

"இல்லம்மா, மாரடைப்புதான். அவரு எங்க ஆளுன்னு அவங்களுக்கு இன்னும் தெரியாது." உகாண்டாக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இதே மாதிரி இன்னும் நாலு பேரு கூடை கொண்டுபோறாங்க. வழக்கு இன்னும் முடியல. கடத்தல் இல்லைன்னா கூடையில வேற என்னன்னு கும்பல் தேட ஆரம்பிச்சா, அந்த நாலு பேரும் மாட்டிக்குவாங்க."

கும்பலின் ஆள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.

பெரியப்பா மைக்கை அவளிடம் நீட்டினார். "சொல்லும்மா. உங்கப்பன் கடத்தினானா, இல்லையா?"

அஜியாம்போ அம்மாவின் சமாதியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"கடத்தினாருதான், பெரியப்பா."

வேலிக்கு வெளியே குழி வெட்ட ஊரில் ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை. மாமரத்தடி ஆட்கள் இருவரும் எழுந்து சட்டையைக் கழற்றினார்கள்.

"பாத்தியா, கூட்டாளிங்க வந்துட்டானுங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அஜியாம்போ செம்பில் தண்ணீர் மொண்டு அவர்களுக்கு எடுத்துப்போனாள்.