நானூறு மிச்சம்

ஒரு நூல் கனம் இரும்பு வீணானாலும் லேத்துக்காரருக்குப் பொறுக்காது. பட்டறையில் அவருக்குக் கஞ்சர் என்றுதான் பெயர். அதில் மனுஷனுக்குப் பெருமை வேறு.

அன்று மதியம் மூன்றரை மணி. லேத்தை நிறுத்திவிட்டு போனையே முறைத்துக்கொண்டிருந்தார். மகளின் நர்சிங் படிப்புக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் கட்டியாக வேண்டும். நான்கு மணிக்கு கவுன்டர் மூடிவிடும். அதற்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். மனைவியும் மகளும் கல்லூரி வரிசையில் நிற்கிறார்கள். பணமோ ஆன்லைன் எக்ஸ்சேஞ்சில் கிரிப்டோ நாணயமாகக் கிடக்கிறது. இன்னும் ஏறும், இன்னும் ஏறும் என்று கடைசி நாள்வரை இழுத்தடித்தவர் அவர்தான். இப்போதைய விலைக்கு சரியாக இரண்டு லட்சம். விற்றால் இரண்டே நிமிடத்தில் வங்கிக்கு வந்துவிடும்.

"வித்துத் தொலைங்கண்ணே," என்றான் பக்கத்தில் நின்ற பட்டறை வெல்டர். இந்தக் கிரிப்டோ வழியைக் காட்டிவிட்டவனே அவன்தான்.

"கமிஷன் எவ்வளவு பிடிப்பான்?"

"இருக்கிற விலைக்கு உடனே வித்தா லட்சத்துக்கு நானூறு. நீங்களா ஒரு விலை போட்டுட்டு, வாங்க ஆள் வர்ற வரைக்கும் காத்திருந்தா அதுல பாதி. ஆனா ஆள் வரணுமே!"

எண்ணூறா, நானூறா? எண்ணூறு போனாலும் கல்லூரிக்குத் தாராளமாகப் போதும். ஆனால் சும்மா தூக்கிக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை. சந்தை விலைக்கு மயிரிழை மேலே ஒரு விலையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

விலை இறங்கியது. திரும்பி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னும் இறங்கியது.

"அண்ணே, அதை ரத்து பண்ணிட்டு வித்துடுங்க!"

"கொஞ்சம் பொறுடா, ஏறிடும்."

போன் அடித்தது. மனைவி. "என்னங்க, எனக்கு முன்னாடி ரெண்டே பேருதான். பணம் வந்துடுச்சா?"

"இதோ... இதோ வந்துடும்."

மூன்று ஐம்பதுக்கு அவருக்கே பயம் பிடித்துவிட்டது. போட்டதை ரத்து செய்தார், கிடைத்த விலைக்கு விற்றார். கைக்கு வந்தது ஒரு லட்சத்து எண்பதாயிரம். கமிஷனையும் லட்சத்துக்கு நானூறு என்றே பிடித்துக்கொண்டார்கள். பதினெட்டாயிரம் துண்டு விழுந்தது. முதலாளி ஊரில் இல்லை. வெல்டர் பையைக் கவிழ்த்ததில் அறுநூறு தேறியது.

மறுபடியும் போன். பதினெட்டாயிரம் குறைகிறது என்று மனைவியிடம் சொன்னார்.

"என்னங்க ஆச்சு? காலையிலயே சரியா இருக்குன்னு சொன்னீங்களே!"

"இருந்துச்சு." "நானூறு மிச்சம் பிடிக்கலாம்னு பார்த்தேன்."

மனைவிக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, அப்பாவை ஒண்ணும் சொல்லாதே. தள்ளி நில்லு, அடுத்தவங்க கட்டட்டும்."