வடித்துவிட்ட தண்ணீர்

ரகுராமனிடம் நாற்பத்திரண்டு படங்கள் இருந்தன. தஞ்சாவூர்க் கடைத்தெருவுக்கு நடுவே, பழைய கிடங்கு ஒன்று இடிந்துகிடந்த இடத்தில், வெள்ளம் வந்தாலும் வெயில் கொளுத்தினாலும் தாங்குகிற பூங்காவைத் தான் எப்படி வடிவமைத்தேன் என்று அவற்றைத் திரையில் போட்டு எல்லாருக்கும் விளக்கினார். பூங்காக் குழுவுக்கு விளக்கினார். சென்னையிலிருந்து வந்த மாணவர்களுக்கு விளக்கினார். ஒரு பத்திரிகைக்காரப் பெண்ணுக்கு, அவள் கேட்காததையும் சேர்த்து, இரண்டு மணி நேரம் விளக்கினார். அந்தப் பூங்காவில் தினமும் மண்வெட்டியோடு நிற்கிற ஒரே ஆள் வீரையன். அவருக்கு மட்டும் விளக்கவில்லை.

வேண்டுமென்று செய்ததில்லை. தோன்றவே இல்லை, அவ்வளவுதான். ரகுராமனின் அப்பா பஞ்சாபகேசன் திருக்காட்டுப்பள்ளியில் பத்து வேலி நிலத்தைக் கட்டி ஆண்டவர். "மடையை அடைடா" என்பார், அடைப்பார்கள். "தொறடா" என்பார், திறப்பார்கள். உத்தரவுக்குக் காரணம் சொன்னால் உத்தரவின் மரியாதை போய்விடும் என்பது அவர் கொள்கை. நிலமெல்லாம் கைமாறி வருஷக்கணக்காயிற்று. ஆனால் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். அப்பா 'டா' போட்டார். மகன் படித்தவர், 'ங்க' போட்டார். காரணத்தை இரண்டு பேருமே சொல்லவில்லை.

"வீரையன், செடியெல்லாம் நல்லா பாத்துக்குங்க. ஒரு செடி சாகக் கூடாது." திறப்பு விழாவன்று ரகுராமன் சொன்னது இதுதான்.

"நான் இருக்கேங்க, ஐயா" என்றார் வீரையன்.

வீரையனுக்கு ஐம்பத்தைந்து வயது. அவருடைய அப்பா, பஞ்சாபகேசனின் வயலில் ஏர் ஓட்டியவர். இவரும் அங்கேதான் நாற்றுக்கட்டு சுமந்து வளர்ந்தார். வயல் வேலை ஓய்ந்த பிறகு மகள் தங்கமணியோடு டவுனுக்கு வந்துவிட்டார். பூங்காவுக்குப் பின்னால் இருக்கிற தாழ்வான சந்தில் தங்கமணி துணி தைத்துப் பிழைக்கிறாள். தை பிறந்தால் வேலை நிரந்தரம் என்று குழு சொல்லியிருந்தது. நாளைக்கு வேலை உண்டா என்று கேட்காமல் ஒரு நாளாவது படுத்துத் தூங்க வேண்டும் என்பது வீரையனின் ஆசை. அதற்காக ஞாயிற்றுக்கிழமைகூட வந்து செடிகளோடு கிடந்தார்.

பூங்காவின் சூட்சுமம் அதன் பள்ளத்தில் இருந்தது. நடுவில் பெரிய பள்ளப் பாத்தி, சுற்றிலும் வரப்பு. கடைத்தெருவில் பெய்கிற மழையெல்லாம் அதில் வந்து நிற்கும்; அடியில் போட்ட மணல் வழியாக இரண்டு நாளில் பூமிக்குள் இறங்கிவிடும். இல்லாவிட்டால் அத்தனை தண்ணீரும் பின்சந்துக்குள் பாய்ந்துவிடும். அதனால்தான் தண்ணீரில் நின்றாலும் சாகாத நொச்சியும் வெட்டிவேரும் நீர்மருதும் நட்டார்கள். இது பதினேழாம் படம்.

ஐப்பசியில், தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் காலையில் வீரையன் வந்து பார்த்தால், நொச்சிக் கன்றுகள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கின்றன. நட்ட பயிர் மூழ்கினால் வரப்பை வெட்டி வடிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் மண்வெட்டி பிடித்த எவனுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்படியும் அவர் ஐயாவைக் கேட்காமல் செய்யவில்லை, இரண்டு முறை போன் போட்டார். ரகுராமன் அப்போது பெங்களூரில், ஒரு மேடையில், இருபத்தெட்டாம் படத்தில் இருந்தார். எடுக்கவில்லை.

தண்ணீர் தெருச் சாக்கடையில் போய்ச் சேர்ந்துவிடும் என்று எண்ணி, வீரையன் வரப்பை இரண்டு இடத்தில் வெட்டினார். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது. சாய்ந்த கன்றுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்துக்கொண்டிருந்தபோதுதான் சந்திலிருந்து கூக்குரல் கேட்டது. ஏழு வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மூன்றாவது வீடு தங்கமணியுடையது. தையல் மிஷின் இரண்டும் முழுகிவிட்டன. தீபாவளிக்கென்று ஊரார் கொடுத்திருந்த ஜாக்கெட்டுகள் சாக்கடையில் மிதந்தன. பூங்காவில் ஒரு செடி சாகவில்லை.

தீபாவளி முடிந்து விசாரணை வைத்தார்கள். குழுவின் தலைவி பிரகதீஸ்வரி, கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர், சுற்றி வளைக்காதவர்.

"வரப்ப வெட்டக் கூடாதுன்னு இவர்கிட்ட சொல்லியிருந்தீங்களா, ரகுராமன்?"

நாகூரில் இதைவிடப் பெரிய பூங்கா ஒன்று ரகுராமனுக்குக் கிடைக்கிற மாதிரி இருந்தது. பொய் சொல்ல அவருக்குக் கூச்சம். உண்மையைச் சொல்ல அதைவிடக் கூச்சம். வீரையன் அந்த முகத்தைப் பார்த்தார். அந்த வீட்டு முகங்களைப் படித்துப் பிழைத்த குடும்பம் அவருடையது. ஐயா காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை வேறு.

"ஐயா சொன்னாங்கம்மா. எனக்குத்தான் மறந்துபோச்சு."

ரகுராமனுக்கு முதலில் நெஞ்சு லேசாயிற்று. பிறகுதான் வெட்கம் வந்தது. ஆனால் வந்த வெட்கம் வாய்வரை வரவில்லை.

"சொன்னத மறக்கிற ஆள வச்சுக்க முடியாது" என்றார் பிரகதீஸ்வரி. அதோடு வேலையும் போயிற்று, தை மாதமும் போயிற்று.

வெளியே வராந்தாவில் வீரையன் காக்கிச் சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வேலையைப் பற்றிப் பேசவில்லை.

"ஒண்ணு கேக்கலாங்களா, ஐயா? அந்தத் தண்ணி எதுக்குங்க அங்க நிக்கணும்?"

ரகுராமன் சொன்னார். "கடைத்தெரு மழையெல்லாம் இதுல வந்து நிக்கும். ரெண்டு நாள்ல மண்ணே குடிச்சிடும். இல்லேன்னா பின்னாடி சந்துக்குள்ள பூந்துடும். அந்தச் செடியெல்லாம் தண்ணில நின்னாலும் சாகாது." அரை நிமிஷம்கூட ஆகவில்லை. படம் எதுவும் தேவைப்படவில்லை.

"இவ்வளவுதானுங்களா" என்றார் வீரையன். சட்டையைக் கை மாற்றிக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ராவும் பகலும் உக்காந்து அந்த வரப்பக் காத்திருப்பேனே, ஐயா. என் பொண்ணு வீடு அந்தச் சந்துலதானேங்க இருக்கு."

அறைக் கதவு திறந்தே இருந்தது. பிரகதீஸ்வரி இன்னும் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் போய் 'நான் சொல்லவில்லை' என்று சொல்ல நாலு எட்டுத்தான். ரகுராமன் கதவைப் பார்த்தார். நாகூரையும் நினைத்தார்.

"பாத்துக்கலாம், வீரையன்" என்றார்.

அந்த வீட்டில் 'பாத்துக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். அது வீரையனுக்கும் தெரியும். கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நாகூரில் ரகுராமன் நாற்பத்துமூன்று படங்கள் காட்டினார். புதிய படத்தில் வெட்டுப்பட்ட வரப்பு இருந்தது; மேலே 'பணியாளர் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பூங்கா அவருக்கே கிடைத்தது.

தஞ்சாவூருக்குத் திரும்பிய அன்று வீரையன் இடத்துக்குப் புது ஆள் வந்திருந்தார்.

"பாருங்க, இந்த வரப்புல கையே வைக்கக் கூடாது" என்றார் ரகுராமன்.

"ஏங்க, ஐயா?"

"சொன்னாச் செய்யுங்க. அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

புது ஆள் வலங்கைமான்காரர், போன மாதம்வரை வயலில் வேலை பார்த்தவர். சரிங்க என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.