இரண்டாவது காது

அந்த நிலையத்தில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிடத் தலை நரைத்தவர்கள்கூட. மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை, நான்கு தொலைபேசி, மூச்சிரைக்கவைக்கும் ஒரு படிக்கட்டு. மனசு நொந்துபோனவர்கள் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். பெயர் சொல்ல வேண்டாம், காசு தர வேண்டாம், மறுமுனையில் ஒருவர் பொறுமையாகக் கேட்பார். அவ்வளவுதான் சேவை. அடுத்தவர் அழுவதைக் கேட்க ஒரு சங்கமா என்று ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் பிற்பாடு கதவைச் சாத்திக்கொண்டு அதே எண்ணைக் கூப்பிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஆரம்பித்த புதிதில் நான்கு தொலைபேசியையும் மாற்றி மாற்றி எடுத்தவள் பெரியக்கா. இப்போது அவள் போனைத் தொட்டே வருடக்கணக்காகிறது. நன்கொடை கொடுப்பவர்களைப் பார்க்க வேண்டும், கூட்டம் நடத்த வேண்டும், கூப்பிட்ட மேடையில் எல்லாம் ஏறிப் பேச வேண்டும். தலைமைக்கு வருகிறவர்களுக்கு வருகிற வியாதி இது. எந்த வேலைக்காக ஆரம்பித்தார்களோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவளிடம் பழைய வேலையில் மிச்சமிருந்தது ஒன்றுதான்: புதிதாகச் சேருகிறவர்களுக்கு இரண்டாவது காதாக உட்காருவது. புதியவர் பேசும்போது பக்கத்தில் இன்னொரு கேட்பானை மாட்டிக்கொண்டு உட்காருவாள். அதில் கேட்கலாம், பேச முடியாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதி நகர்த்துவாள்.

எல்லாவற்றையும்விட ஒரு விதியில் அவள் மகா கண்டிப்பு. இந்த அறையில் கேட்டது இந்த அறையைத் தாண்டக் கூடாது. முன்பு ஒரு தொண்டர், தங்கமான மனுஷன், போனில் அழுத ஒரு பெண்ணின் கணவனைத் தேடிப்போய்ச் சமாதானம் பேசிவிட்டு வந்தார். அன்று அந்தப் பெண் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவே இல்லை. நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களைக் கண்டால் பெரியக்காவுக்கு அன்றிலிருந்து பயம்.

அந்த மாதம் புதிதாக வந்திருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வாழ்நாள் முழுக்க உள்ளே போங்க, உள்ளே போங்க என்று கத்தின தொண்டை. அதைத் தணிப்பதற்குள் பெரியக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முதல் நாள், அழுது முடித்த ஒருவரிடம் பழக்க தோஷத்தில் "ரைட், போலாம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். ஆனாலும் மனுஷனுக்கு இரக்கம் இருந்தது. மற்றதெல்லாம் வந்துவிடும் என்று அவள் நினைத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் எழுந்து போயிருந்த நேரம். போன் மணி அடித்தது. கண்டக்டர் எடுத்தார். மறுமுனையில் பேச்சு வரவில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமலிலேயே பெரியக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கூடப் பிறந்தவளின் தொண்டையைத் தெரியாமல் போகுமா? தையல் மெஷினும் தானுமாக இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித் தனியாக இருக்கும் தங்கச்சி. கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை.

"சார், இது எங்க அக்கா ஆரம்பிச்ச இடம். அவ போன் எடுக்க மாட்டான்னு தெரியும். அந்தத் தைரியத்துலதான் கூப்பிட்டேன்."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பெரியக்கா உதட்டில் விரலை வைத்தாள். அப்போதே கேட்பானைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும், அதுதான் முறை. அவள் எழுந்திருக்கவில்லை.

தங்கச்சி அவசரமே இல்லாமல் சொன்னாள், துணிக்கு அளவு சொல்கிறவளைப் போல. அக்குளுக்குக் கீழே ஒரு கட்டி. முதலில் கையில் தட்டுப்பட்டபோது பயந்துபோய் அக்காவிடம் சொல்லத்தான் இந்த நிலையத்துக்கு வந்தாளாம். உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்ததாம். அக்கா கையில் ஃபைலோடு வெளியே வந்து, இவளுக்கு டீ கொடுங்க என்று யாரிடமோ சொல்லி, சாயங்காலம் பேசறேன்டி என்று கன்னத்தைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாளாம். டீயைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தங்கச்சி வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவளாகப் பேசட்டும் என்று இவளுக்கும் ரோஷம். ரோஷத்திலேயே ஆறு மாதம் ஓடிவிட்டது. இப்போது டாக்டர், அப்போதே வந்திருக்கக் கூடாதா என்று கேட்கிறாராம். ஆபரேஷன் செய்தால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாமாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். "யாருக்காக சார் தள்ளிப்போடணும்?" என்று கேட்டாள்.

பெரியக்காவுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. யார் யார் வந்திருந்தார்கள், எந்த நன்கொடைக்கு என்ன நிபந்தனை, யார் முரண்டு பிடித்தார்கள், எல்லாம் ஞாபகம் இருந்தது. தங்கச்சியின் முகம் மட்டும் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவள் சீட்டை எடுத்து, ஆபரேஷனுக்கு இன்னும் நேரம் இருக்கிறதா, கேளுங்கள் என்று கிறுக்கி நகர்த்தினாள். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, சொல்லிக்கொடுத்த பாடம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அவர் பாட்டுக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க அக்கா வந்து கூப்பிட்டா போவீங்களாம்மா?"

தங்கச்சி மறுபடி தொண்டையைச் செருமினாள்.

"யாராவது ஒரு வார்த்தை சொன்னா ஓடி வருவா சார். யாருக்கு என்னன்னாலும் ஓடறவதானே. சொல்லி வர்ற அக்கா எனக்கு வேண்டாம். அவளுக்கே தானா என் ஞாபகம் வரணும். அது நடக்காதுன்னு தெரியும். யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு, சொல்லிட்டேன். ரொம்ப நன்றிங்க."

போன் வைக்கப்பட்டது. கண்டக்டர் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். விதி தெரியுமில்லையா என்று அவள் கேட்டாள். தெரியும், இந்த அறையைத் தாண்டாது என்றார்.

கையில் பையோடு படி இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்றைக்கே போய் நின்றால் தங்கச்சிக்குத் தெரிந்துவிடும். போனை வைத்த கை சூடு ஆறுவதற்குள் அக்கா வந்தால் கண்டுபிடிக்க முடியாதவளா அவள்? பிறகு அந்த வீட்டுக் கதவும் திறக்காது, ஆபரேஷனும் நடக்காது. பெரியக்கா திரும்பப் படியேறினாள். அன்றைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. வேலை இருந்த ஆறு மாதம் போகாதவள், ஒரு வேலையும் ஓடாத இரண்டு நாள் போக முடியாமல் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி உடம்புக்குள் அது நிற்காமல் வளர்ந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பில் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை போனாள். கதவைத் திறந்த தங்கச்சி இளைத்திருந்தாள். ரவிக்கை தோளில் தொங்கியது.

"என்னக்கா, வழி தவறி வந்துட்டியா?"

"உள்ள விடுவியா மாட்டியா?"

தங்கச்சி நகரவில்லை. அக்காவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

ஆயிரம் பேருடைய உண்மையைப் பொறுமையாகக் கேட்டவள் பெரியக்கா. அவள் கண் இமைக்காமல் பொய் சொன்னாள்.

"யார் என்னடி சொல்லணும்? காலையில எந்திரிச்சதுலேருந்து உன் நெனப்பாவே இருந்துச்சு. வந்துட்டேன்."

தங்கச்சியின் வாய் கோணியது. வாசல் என்றும் பார்க்காமல் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், கட்டியை, டாக்டரை, வேண்டாம் என்று சொன்னதை. டீ குடித்துவிட்டுத் திரும்பிய நாளை மட்டும் சொல்லவில்லை. அக்காவுக்கு மனசு கஷ்டப்படும் என்று மறைத்துவிட்டாள். பெரியக்கா எதுவும் தெரியாதவளைப் போல, எங்கே கட்டி, எப்போதிலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அப்படிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் அந்த வாரமே தங்கச்சி ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தாள்.

ஆபரேஷன் நடந்தது. பெரியக்கா நிலையத்தின் பொறுப்பை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுத் தங்கச்சி வீட்டோடு தங்கிவிட்டாள். தலை வாரிவிட்டாள். மருந்து ஏற்றி முடி கொட்டியதும் வார ஒன்றுமில்லாமல் சும்மா தடவிக்கொடுத்தாள். தங்கச்சிக்கோ வலியைவிடப் பெருமைதான் பெரிதாக இருந்தது. நர்ஸிடம் சொன்னாள், பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாள், துணி தைக்கக் கொடுத்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை, அக்காவுக்குத் தானா தோணியிருக்கு பாருங்க. ஒவ்வொரு முறையும் பெரியக்கா எதையோ எடுக்கப்போகிறவளைப் போல எழுந்து போனாள்.

ஒருநாள் தாங்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி என்று ஆரம்பித்தாள். சங்கத்துக்குப் போகணுமா, போயிட்டு வாயேன், நீயா வந்தியே, அதுவே எனக்குப் போதும் என்றாள் தங்கச்சி. பெரியக்கா சொல்ல வந்ததைச் சொல்லாமல் போர்வையை இழுத்துவிட்டாள்.

டாக்டர் சொன்ன கொஞ்ச காலம் உண்மையிலேயே கொஞ்ச காலமாகத்தான் இருந்தது. தங்கச்சி தூக்கத்திலேயே போய்விட்டாள். கை அக்காவின் கையில் இருந்தது.

துக்கத்துக்கு நிலையத்தில் இருந்து எல்லோரும் வந்தார்கள். கண்டக்டரும் வந்தார். தையல் மெஷினை ஒதுக்கிவிட்டுப் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். பெரியக்கா சுவரில் சாய்ந்து வெறித்தபடி இருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, வந்தவர்களுக்கெல்லாம் சொன்னதைக் கண்டக்டருக்கும் சொன்னாள். இந்தப் பொண்ணு யாருக்கும் சொல்லாம செத்துப்போறதுன்னு இருந்திருக்கா. அன்னைக்கு இந்த அக்காவுக்குத் தானா மனசுல பட்டு ஓடி வந்திருக்காங்க. கடைசி வரைக்கும் இதையே சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டா. நம்ப முடியுதாங்க?

கண்டக்டர் பெரியக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஏம்மா நம்பாம? கூடப் பொறந்தவங்களுக்கு அதெல்லாம் தானா தெரிஞ்சிடும்."

பெரியக்கா அப்போதுதான் உடைந்தாள். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டும் சத்தத்தை அடக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பா என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்.