சுவருக்கு அரைப்பங்கு

புஷ்பவல்லியின் வீட்டுச் சுவரில் கடல் தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. திருவொற்றியூரில் கருங்கல் கொட்டிய கரையிலிருந்து மூன்றாவது தெருவில் இருந்தது அந்த வீடு. கடலில் ஏற்றம் வந்தால் சுவரின் ஈரக்கறை டிவி வைத்த பலகை வரைக்கும் வரும். வற்றம் வந்தால் தரையோடு இறங்கி, ஏறிய இடமெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூசணத்தை விட்டுவிட்டுப் போகும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சாமி படத்தின் அடிச்சட்டத்தைத் தொடும். கரையில் அலை ஓங்கி அடிக்கிற நாட்களில் சுவருக்குள்ளிருந்தும் சன்னமாக இரைச்சல் கேட்கும். முதலில் காதை வைத்துக் கேட்ட அக்கம்பக்கத்தார் பிறகு அதற்கும் பழகிவிட்டார்கள்.

யார் செய்த வேலை இது என்று கேட்டால் ஊர் கடலம்மாவைக் கைகாட்டும். புஷ்பவல்லிக்குத்தான் தெரியும், செய்தது அவளேதான். டிசம்பர் புயலில் வீட்டுக்குள் இடுப்பளவு நின்ற கறுப்புத் தண்ணீர் வடிந்த பிறகும் சுவர் காயவே இல்லை. அவள் கருவாட்டுக்காரி. ஈரத்தை எடுக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி உப்பு. ஆள் உயரச் சுறாவையே காயவைத்தவளுக்குச் சுவர் எம்மாத்திரம்? கல்லுப்பை மூட்டையோடு இறக்கி, மீனின் வயிற்றைக் கீறித் திணிப்பதுபோல ஒவ்வொரு விரிசலிலும் திணித்து, மேலே உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். மிச்ச ஈரத்துக்குக் கதவைச் சாத்தித் தேங்காய் மட்டையும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போட்டாள். தெருப் பெண்கள் வந்து பார்த்து, மூளைக்காரிதான் என்று மெச்சிவிட்டுப் போனார்கள். பொங்கலுக்குள் சுவரில் கடல் வந்துவிட்டது. போட்ட புகையும் வெளியே போகவில்லை. கூரையை ஒட்டிக் குடியிருந்தது. ஃபேன் போட்டால் அடுப்படிக்குப் போய் நிற்கும், நிறுத்தினால் திரும்பி வந்து பழைய இடத்தில் படுத்துக்கொள்ளும். துவைத்த துணி, ஊறவைத்த அரிசி, பிள்ளையின் பள்ளிப் புத்தகம், எல்லாவற்றிலும் அதன் வாசம்.

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்தாள், கை வெந்ததுதான் மிச்சம். பெயின்ட் கடை உச்சிமாகாளி தெற்கத்திக்காரர், வாக்குச் சுத்தமானவர். ஈரம் தாங்கும் பெயின்ட் என்று அவர் கொடுத்ததை இரண்டு கோட் அடித்தாள். அது ஒரே வாரத்தில் தோசை மாதிரி சுருண்டு விழுந்தது. நேரில் வந்து பார்த்த அவர், மழைத்தண்ணீருக்குத்தான் கேரண்டி, கடலுக்கு இல்லை என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். தேய்க்கத் தேய்க்கப் பூசணம் வந்தது. தேய்ப்பதை நிறுத்தினாலும் வந்தது. எரிச்சலில் ஒருநாள் சுவரைத் துடைப்பத்தால் அடிக்கக்கூட அடித்தாள்.

சுவரோடு போயிருந்தால் பொறுத்திருப்பாள். ஆறாவது படிக்கும் மகள் மோகனப்ரியாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. கறை ஏறினால் பிள்ளையின் நெஞ்சில் விசில் ஊதும், கறை இறங்கினால் அடங்கும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்கினாள். ஆஸ்பத்திரியில் மருந்து உறிஞ்சும் குழாயைக் கையில் கொடுத்து, சுவரை மாற்றுங்கள், இல்லையென்றால் வீட்டை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டும் நடக்கவில்லை. காரணம் அவள் புருஷன் ரகுபதி. கறை ஏறும்போது ஒரு பக்கமாகச் சாய்வதை அவன்தான் முதலில் கவனித்தான். சாய்ந்த பக்கம்தான் கடலில் நீரோட்டம் என்று கணக்குப் போட்டுப் போனவன், வலை கிழிய மீனோடு வந்தான். அதன் பிறகு விடிந்தால் குப்பத்து ஆண்கள் டீ கிளாஸோடு அவள் வீட்டுக்குள் வந்து, சுவரைப் பார்த்துவிட்டுத்தான் போட்டைத் தள்ளினார்கள். பங்கு பிரிக்கும்போது வலைக்கு, என்ஜினுக்கு என்று ஒதுக்குவதுபோலச் சுவருக்கும் அரைப்பங்கு ஒதுக்கினார்கள். ஊர்த் தலைவர் பொன்ராஜ், சுவர் ஊர்ச் சொத்து, யாரும் சுரண்டவோ வெள்ளையடிக்கவோ கூடாது என்று மைக்கில் அறிவித்தார். அவ்வளவு நாள் ஊரில் யாரும் பெரிதாக மதிக்காத ரகுபதிக்கு ஊர்க்கூடத்தில் நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலிதான் அவனைக் கெடுத்தது.

ஊர்க்கூடத்துக்குள் பெண்கள் போய்ப் பேசுகிற வழக்கம் அந்தக் குப்பத்தில் இல்லை. பிள்ளையின் நிலைமையைச் சொல்லிச் சுவரை இடிக்க அனுமதி கேட்கச் சொல்லிப் புருஷனை உள்ளே அனுப்பிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்றாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான், டீ குடித்தான், எழுந்து வந்துவிட்டான்.

“இன்னாய்யா, கேட்டியா?”

“எப்டி மே கேக்கறது? ஊரே அத்த நம்பிக்கினு கீது.”

மறு மழைக்காலம் வந்தது. கருவாட்டுக் கொட்டகையில் அடுக்கிய உப்பு மூட்டைகள் வழக்கம்போல வேர்த்து வடிந்தன. வருஷா வருஷம் பார்ப்பதுதான். அன்றைக்குத்தான் உறைத்தது. மீனுக்குப் போட்ட உப்பு தண்ணீரை இழுத்ததும் உதறிக் கழுவிவிடுவாள். சுவருக்குப் போட்டதை உதறவே இல்லை. உள்ளேயே உட்கார்ந்துகொண்டு அது இழுத்தபடியே இருக்கிறது, பக்கத்தில் இழுப்பதற்கு ஒரு கடலே இருக்கிறது. இத்தனை வருஷம் உப்போடு பிழைத்தும் தெரியாமல் போனதே என்று அவளுக்குத் தன்மீதே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த அமாவாசை ஏற்றத்தில் கறை சாமி படத்தையும் தாண்டியது. மோகனப்ரியாவின் உதடு நீலமானது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடி, ஆக்ஸிஜன் வைத்துத்தான் மீட்டார்கள். பிள்ளை தேறியதும் ரகுபதி ஒரு யோசனை சொன்னான். வியாசர்பாடியில் இருக்கும் தன் தங்கை ஜெயஸ்ரீ வீட்டில் பிள்ளையை விட்டுவிடலாம், பள்ளிக்கூடத்தையும் அங்கேயே மாற்றிவிடலாம் என்றான். அதாவது சுவர் இருக்கட்டும், பிள்ளை போகட்டும். புஷ்பவல்லி பிள்ளையை அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்து, கடப்பாரையை எடுத்தாள்.

முதல் குத்திலேயே பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்தது. உள்ளேயிருந்து கடல் வந்தது. முழங்கால் அளவுக்கு, இறாலும் காரப்பொடி மீனுமாக, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கித் தன் வழியைத் தெரிந்துகொண்டு கரைக்குப் போனது. பின்னாலேயே ஒரு நண்டு அவசரமில்லாமல் போனது. தெருப் பெண்கள் முறத்தோடு வந்து இறாலை அள்ளிக்கொண்டார்கள். கூரையடியில் குடியிருந்த புகை சற்று நேரம் அங்குமிங்கும் அலைந்துவிட்டு, வாசல் வழியாக வெளியேறியது.

ஆண்கள் ஓடிவந்தார்கள். பொன்ராஜ் நனைந்த செங்கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஊர்ச் சொத்தில் கை வைத்துவிட்டாளே என்று ரகுபதியிடம் கேட்டார். புஷ்பவல்லிதான் பதில் சொன்னாள்.

“ஊரு சொத்துன்னா ஊரே எட்த்துக்கினு போவட்டும். எம்பொண்ணு இங்கதான் படுப்பா.”

நியாயம் என்று யாரும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. பெயர்ந்த பூச்சையெல்லாம் மீன் பெட்டிகளில் அள்ளிக்கொண்டுபோய் ஊர்க்கூடத்துச் சுவரில் சிமென்ட் வைத்து ஒட்டினார்கள். ஒரு வாரத்தில் அங்கே கடல் ஏறி இறங்கத் தொடங்கியது. அரைப்பங்கு ஊர்க்கூடத்துக்கு மாறியது. தெருவில் சுற்றிக்கொண்டிருந்த புகையும் விசாரித்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இவள் வீட்டுச் செங்கல் கோடை முழுக்கக் காய்ந்தது. பிறகு கொத்தனாரை வைத்து நல்ல தண்ணீரில் கலவை போட்டுப் பூசினாள், பிள்ளையை அழைத்து வந்தாள்.

கார்த்திகையில் பொன்ராஜ் வந்தார். உள்ளே வராமல் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டார். ஊர்க்கூடத்தில் உட்காருகிற ஆண்கள் எல்லோருக்கும் இருமல், அவருக்கு நெஞ்சில் விசில் வேறு. பிளீச்சிங், பெயின்ட் எல்லாம் பார்த்தாகிவிட்டது, நீ என்ன செய்தாய் என்று மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்.

“அத்தப் போயி எப்டி தொட்றது மாமா? ஊரு சொத்தாச்சே.”

அவர் யோசித்துப் பார்த்தார். ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். போட் தள்ளுகிற நேரமாகிவிட்டது, சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க இருமிக்கொண்டே ஊர்க்கூடத்துக்கு நடந்தார். உள்ளே மோகனப்ரியா சுவரோடு முதுகை ஒட்டி, தலையணை இல்லாமல், வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே கடலில் ஏற்றம்.