இடிதாங்கிக்கு எத்தனையாவது இடம்

உலகம் தோன்றிய நாள்முதல் இன்றுவரை நடந்த காரியங்களில் முழுக்க முழுக்க நியாயமானது ஒன்றே ஒன்றுதான். அது, குத்துச்சண்டை வீரர்களை வரிசைப்படுத்தத் தான் எழுதிய கணினி நிரல் என்பதில் ஃபார்முலாவுக்குத் துளியும் சந்தேகம் இருந்ததில்லை. மழை ஆள் பார்த்துப் பெய்கிறது. பரீட்சைத் தாள் திருத்துகிறவர் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். பெற்ற தாயே மீனின் நடுத்துண்டை எந்தப் பிள்ளையின் தட்டில் வைக்கிறாள் என்பது மற்றப் பிள்ளைக்குத் தெரியும். நிரல் மட்டும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அதற்குக் கண் கிடையாது. இதை அவன் முடிவெட்டும் கடையில் விளக்கியிருக்கிறான், பேருந்து நிறுத்தத்தில் விளக்கியிருக்கிறான், பல் பிடுங்க வாயில் பஞ்சு வைத்திருந்தபோதுகூடப் பல் மருத்துவருக்கு விளக்க முயன்றிருக்கிறான்.

ஃபார்முலா என்பது தொழில்முறைக் குத்துச்சண்டைச் சங்க அலுவலகத்தில் அவனுக்கு விழுந்த பட்டப்பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவன் அதை விருதாக எடுத்துக்கொண்டான்.

அவன் வேலைக்கு வருவதற்கு முன்பு, யார் எத்தனையாவது இடம் என்பதை ஐந்து பேர் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் பேசி முடிப்பார்கள். யாருடைய மருமகன், யாருடைய பயிற்சிக்கூடம், யார் வந்தால் அரங்கு நிறையும் என்பதெல்லாம் அந்த டீயில் கரைந்திருக்கும். பட்டியலைப் பென்சிலால் எழுதியவர் அப்போதைய செயலாளர். பென்சில் கூட அல்ல, அவருடைய அழி ரப்பர்தான் சங்கத்தை ஆண்டது என்பது ஃபார்முலாவின் கருத்து. அவரிடம் இன்னொரு விசித்திரமான வழக்கமும் இருந்தது. பட்டியலை ஒட்டுவதற்கு முன்பு, கீழே இறக்கப்பட்ட ஆளின் வீட்டுக்கு அவரே நேரில் போவார். போய் விஷயத்தைச் சொல்லவும் மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, வெயில் எப்படி, மழை எப்படி என்று பேசி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். அவர் வந்து உட்கார்ந்தாலே அந்த வீட்டில் புரிந்துவிடும்.

இப்போது அவர் ஆலோசகர். அதாவது அவருக்கு ஒரு நாற்காலி உண்டு, ஆலோசனை கேட்க ஆள் கிடையாது. ஃபார்முலா அவரைச் சீண்டாமல் ஒரு மாதத்தையும் கடத்தியதில்லை.

"என்ன சார், இந்த மாசம் யார் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போறீங்க?"

"அதெல்லாம் நிறுத்தியாச்சுப்பா. இப்பதான் எல்லாரும் போன்லயே பாத்துக்கிறாங்களே."

"ஒரு கால்குலேட்டர் ஒருத்தரைக் கழிச்சிட்டு, அப்புறம் அவரு வீட்டுக்கே போய் டீ குடிச்சதா நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா சார்?"

அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: "அதுக்கு டீ புடிக்காதோ என்னவோ."

ஃபார்முலாவின் அக்கா கணவர் குத்துச்சண்டை வீரர். பத்திரிகைக்காரர் ஒருவர் அவருக்கு இடிதாங்கி என்று பெயர் வைத்திருந்தார். எத்தனை குத்து விழுந்தாலும் அவர் கீழே விழுந்ததில்லை. அடிக்கிறவன் களைத்துப்போகும்வரை வாங்கிக்கொண்டு நிற்பார், பிறகு அடிப்பார். ஐவர் குழுவின் காலத்தில் அவர் வருடக்கணக்கில் பதினோராவது இடத்தில் இருந்தார்; எப்போதாவது பத்தாவதாக ஏறினாலும் அடுத்த பட்டியலிலேயே இறக்கிவிடுவார்கள். பத்து பேர்வரைதான் பெரிய சண்டைக்குக் கூப்பிடுவார்கள். அவருக்குப் பின்னால் ஆளும் இல்லை, பேசவும் தெரியாது. யாராவது பேட்டி கேட்டால் "நல்லா இருக்கேங்க, நீங்க?" என்பதோடு முடித்துக்கொள்வார்.

நிரல் ஓடிய முதல் மாதம் அது அவரை ஐந்தாவது இடத்தில் வைத்தது. தன் மாமா என்பதற்காக ஃபார்முலா ஒரு புள்ளிகூடத் தொட்டதில்லை. தொடவேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் அவனுடைய பெருமை. அன்று மாமா அலுவலகத்துக்கே வந்து, கணினியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, அவனை இடுப்போடு பிடித்துத் தூக்கிவிட்டார்.

"மாப்ள, எனக்கு நியாயம் பண்ணது ரெண்டே பேருடா. ஒண்ணு உங்க அக்கா. இன்னொண்ணு இந்த மெஷின்."

"நான்?"

"நீ மெஷினுக்கு மச்சான். அவ்ளோதான்."

இப்போது அவர் இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டார். சங்க விதிப்படி அடுத்த பட்டியலில் முதல் இரண்டு இடங்களில் இருப்பவர்கள் மோதவேண்டும், ஜெயிக்கிறவருக்குப் பட்டச் சண்டை. முதல் இடத்தில் இருந்தவன் பெயர் சம்மட்டி. அந்தப் பெயரை யாரும் யோசித்து வைக்கவில்லை. அவன் குத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது.

புதிய பட்டியலுக்கு முந்தைய வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். மருந்துக்கடையில் வேலை, போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"டேய், அவரைக் கீழ இறக்கு."

"ஏன்க்கா, ஏணியில நிக்கிறாரா?"

"வாயை மூடிட்டுக் கேளு. நாங்க இருக்கிறது எத்தனாவது மாடி?"

"மூணாவது."

"உங்க மாமா ரெண்டாவது மாடியில நின்னு, அந்த வீட்டுக் கதவுல நம்ம சாவியைப் போட்டுத் திருகிட்டு நிக்கிறாரு. ஒரு நாள்னா போகட்டும். அந்த வீட்டம்மா இப்ப சத்தம் கேட்டதுமே கதவைத் திறந்து, 'இன்னும் ஒரு மாடி ஏறணும் தம்பி'ன்னு சொல்லி அனுப்பறாங்க. அவங்களுக்குப் பழகிப்போச்சு. எனக்குப் பழகலடா."

ஃபார்முலா சாப்பாட்டு டப்பாவை மூடினான். "டாக்டர் பாத்துட்டு நல்லா இருக்காருன்னு எழுதிக் கொடுத்தாரேக்கா?"

"டாக்டர் இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டாரு. இவரு டாண்ணு பதில் சொன்னாரு. உள்ள போறதுக்கு முன்னாடி, பெஞ்சுல உக்காந்திருக்கும்போது என்கிட்ட கேட்டு வெச்சுக்கிட்டாருடா. நானும் சொல்லித் தொலைச்சேன். எதுக்குக் கேக்கறாருன்னு நான் கண்டேனா?"

"நீயே நிறுத்தச் சொல்லேன்."

"சொல்லாம இருப்பேனா? பயிற்சியாளரும் சொல்லிப் பாத்துட்டாரு. 'ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டிருந்தா நான் பதினொண்ணுலயே செத்திருப்பேன். மெஷின் என்னைக்கு முடிஞ்சுதுன்னு சொல்லுதோ, அன்னைக்கு க்ளவுஸைக் கழட்டறேன்'னு நிக்கிறாரு. நீ போன தடவை வந்து சோறு திங்கும்போது என்ன சொன்ன? மெஷின் பொய் சொல்லாதுன்னு எத்தனை தடவைடா சொன்ன? அதை அப்படியே புடிச்சுக்கிட்டாரு."

"அக்கா, அதுல கை வைக்கறதுன்னா... அப்புறம் எனக்கும் அந்த அஞ்சு பேருக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒரு வித்தியாசமும் வேணாம். பொய் சொல்லுன்னுதான் கேக்கறேன், தெரிஞ்சுதான் கேக்கறேன்." அவள் எழுந்தாள். "சம்மட்டிகிட்ட போன தடவை அடி வாங்கினவன் எங்க கடைக்குத்தான் மருந்து வாங்க வருவான். இப்ப அவன் வர்றதில்ல. அவங்க அம்மா வர்றாங்க."

அவள் போன பிறகு ஃபார்முலா ஒரு முடிவுக்கு வந்தான். பொய் சொல்லக்கூடாது. நியாயமான வழியில் மாமாவைக் கீழே இறக்க வேண்டும். விதி ஒன்றைச் சேர்த்தால் போதும்; எல்லோருக்கும் பொதுவான விதி, அதில் தானாக மாமா சறுக்கினால் யார் என்ன சொல்ல முடியும்?

முதலில், களத்தில் விழுந்தவர்களுக்குப் புள்ளி குறைத்துப் பார்த்தான். மாமா அசையவில்லை. அவர்தான் விழுந்ததே இல்லையே. புத்தியோடு விழுந்து, நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழுந்து, மூளையைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் அத்தனை பேரும் சரிந்தார்கள். அதை அழித்தான். அடுத்து வயதுக்குப் புள்ளி குறைத்தான். மாமா ஒரே ஒரு படி இறங்கினார். ஆனால் பகலில் தபால் கொண்டுபோய்க் கொடுத்து, மாலையில் பயிற்சி எடுத்து, மாமாவைவிட மூத்த வயதில் இப்போதுதான் முதல்முறையாகப் பத்தாவது இடத்துக்கு வந்திருந்த ஒருவர் பட்டியலை விட்டே காணாமல் போனார். அதையும் அழித்தான். நாள் முழுக்க நியாயத்தை வளைத்துப் பார்த்தான். அது வளைந்த இடத்திலெல்லாம் வேறு யாரோ ஒருவருடைய கழுத்து இருந்தது.

வாங்கிய அடிகளை எண்ணினால் என்ன என்று மறுநாள் தோன்றியது. மாமாவின் கடைசிச் சண்டையின் வீடியோவைத் திறந்தான்.

அந்தச் சண்டையில் எதிராளியின் கை எலும்பு முறிந்து, அவன் தொடர முடியாமல் விலகினான். நிரலின் கணக்கில் அது முழு வெற்றி; இரண்டாவது இடம் வந்ததே அதனால்தான். கை முறிந்தது என்பதற்கு நிரலில் ஒரு கட்டம் இருந்தது. எதில் மோதி முறிந்தது என்பதற்குக் கட்டம் இல்லை. ஃபார்முலா சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தான். மாமாவின் தலையில் மோதித்தான் முறிந்தது. முறிந்த பிறகும் அந்தக் கை சிறிது நேரம் அங்கேயே அடித்துக்கொண்டிருந்தது.

எண்ண ஆரம்பித்தவன் இரண்டாவது சுற்றோடு விட்டுவிட்டான்.

நான்காவது சுற்று முடிந்ததும் மாமா நடந்து போய் எதிராளியின் மூலையில், எதிராளியின் முக்காலியில் உட்கார்ந்தார். அரங்கு முழுக்கச் சிரித்தது. அன்று நேரில் இருந்த ஃபார்முலாவும் சிரித்தான். "எங்க மாமாவுக்குக் குசும்பு ஜாஸ்தி" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையாகச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. இப்போது சிரிப்புச் சத்தம் இல்லாத திரையில், எதிராளியின் பயிற்சியாளர் குனிந்து மாமாவின் காதில் ஏதோ சொன்னார். அக்குளில் கை கொடுத்து எழுப்பி, தோளைப் பிடித்துத் திருப்பி, அவருடைய மூலையைக் காட்டினார். மாமா தலையாட்டிவிட்டுக் குழந்தைபோல நடந்து போனார்.

பட்டியல் வெளியாகும் நாள் காலையில் ஃபார்முலா அந்தச் சண்டைக்கு எதிரே இருந்த 'வெற்றி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'முடிவில்லை' என்று போட்டான். மாமா ஒன்பதாவது இடத்துக்கு இறங்கினார். வாழ்க்கையில் அவர் பெற்ற மிகப் பெரிய வெற்றி இனி நடக்கவே இல்லை. யாராவது கேட்பார்களோ என்று ஒரு நிமிடம் யோசித்தான். கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருக்க எல்லோரையும் பழக்கியவன் அவன்தான்.

மூன்றாவது இடத்தில் இருந்தவன் இரண்டாவது இடத்துக்கு ஏறினான். கழுத்து தடித்த இளைஞன், புகைப்படத்தில் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். இனி சம்மட்டியின் முன்னால் போய் நிற்க வேண்டியவன் அவன். அவனுக்கும் ஓர் அக்கா இருக்கலாம். ஃபார்முலா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு சேமித்துவிட்டு எழுந்தான்.

பட்டியல் மாலையில்தான் வெளியாகும். அவன் தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பேருந்து பிடித்து, அக்கா வீட்டுக்குப் போனான். இரண்டாவது மாடியைக் கடக்கும்போது அந்த வீட்டுக் கதவு லேசாகத் திறந்து, அவன்தான் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டது.

அக்கா கடையில், பிள்ளை பள்ளியில். மாமா மட்டும் தரையில் உட்கார்ந்து, க்ளவுஸுக்கு உள்ளே கையில் சுற்றும் துணிப் பட்டைகளைத் துவைத்துக் காயவைத்து, ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கியதால் சுருள் ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து அவிழ்ந்தது. அவர் கோபப்படாமல் திரும்பவும் ஆரம்பித்தார்.

"வா மாப்ள. என்ன, வேலை நேரத்துல?"

"சும்மா மாமா. இந்தப் பக்கம் வந்தேன்."

"இந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை இருக்கு? இன்னைக்கு லிஸ்ட் ஆச்சே. எங்கிட்ட எதுவும் சொல்லாத. நீ சொன்னா அது சிபாரிசு மாதிரி ஆயிடும். மெஷின் வாயாலயே சொல்லட்டும்." சிரித்தார். "சம்மட்டிக்கு இடது பக்கம் காவல் இல்லடா. பாத்து வெச்சிருக்கேன்."

ஃபார்முலா ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"வெளிய வெயில் கொஞ்சம் பரவால்ல மாமா," என்றான். "சாயங்காலம் மழை வந்தாலும் வரும்."

மாமாவின் கை நின்றது. அவர் அவன் முகத்தைப் பார்த்தார், ஓரத்தில் இருந்த ஷூவைப் பார்த்தார், மறுபடி அவன் முகத்தைப் பார்த்தார். பதினோராவது இடத்திலிருந்த காலத்தில் எத்தனையோ முறை அந்தப் பழைய செயலாளர் வந்து அந்த வீட்டில் அப்படி உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டு மாடியை மறந்தவருக்கு அது மறந்திருக்கவில்லை.

"மெஷினா சொல்லுச்சு?" என்றார் மெதுவாக.

"ஆமா மாமா."

"அப்ப சரியாத்தான் இருக்கும்."

அவர் குனிந்து பட்டையை எடுத்தார். அது மறுபடி நழுவி அவிழ்ந்து, தரையில் நீளமாக ஓடியது. ஃபார்முலா அதன் மறுமுனையை எடுத்து, இறுக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டான். மாமா தன் முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தார்.

"டீ போடட்டா மாப்ள?"

"போடுங்க மாமா," என்றான் அவன். "இருந்து குடிச்சிட்டுப் போறேன்."